நின்ற கை

என் மூன்று பிள்ளைகளையும் எடுத்தவள் அவள்தான். மூன்று முறையும் என்னைத் திட்டிவிட்டுத்தான் தொட்டாள். முதல் இரண்டு திட்டையும் நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. மூன்றாவதை நினைத்தால் செய்கிற வேலை பாதியில் நின்றுவிடுகிறது. வயதாகிவிட்டதால் மறந்து நிற்கிறேன் என்று பேரப்பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

பொகவந்தலாவையில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் மேலே ஏறினால் எங்கள் தோட்டம். அந்தத் தோட்டத்துக்கு அவள் மருத்துவச்சி. துரை வைத்த ஆள் இல்லை, லயத்தில், வரிசையாகக் கட்டிய அறைகளில், குடியிருந்த சனங்கள் வைத்துக்கொண்ட ஆள். மற்ற நேரத்தில் எங்களோடு தேயிலைக் கொழுந்து எடுப்பாள். யாருக்காவது வலி கண்டது என்று செய்தி வந்தால் கூடையை வழியோரத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போவாள். கங்காணி கத்தினால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். முகத்துக்கு முன்னால் எல்லோரும் அவளை அத்தை என்போம். முதுகுக்குப் பின்னால் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

நான் கல்யாணமாகி இறம்பொடைப் பக்கத்திலிருந்து இந்தத் தோட்டத்துக்கு வந்தபோது எங்களுக்குக் கிடைத்த ஒற்றை அறைக் காம்பரா அவளுடைய காம்பராவுக்கு அடுத்தது. நடுவில் ஒரு சுவர்தான். அவள் இருமினால் எங்கள் வீட்டுப் பானை அதிரும். புருஷன் செத்துப் பல வருஷம். ஒரே ஒரு மகன். அவனைக்கூடக் கொஞ்சி நான் பார்த்ததில்லை.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வலிக்காரி வீட்டிலிருந்து ஆள் வந்ததும் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து பத்து நகங்களையும் ஒட்ட வெட்டுவாள். அங்கே போனதும் கைகளைச் சுடுதண்ணீரில் சாம்பல் போட்டுக் கழுவுவாள். பிறகு வலியில் கிடப்பவளின் தலைமாட்டில் போய் நின்று, "ஒன்மேல எனக்கு என்ன கோவம்னு மொதல்ல சொல்லிடுறேன், கேட்டுக்க" என்பாள். சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்காருவாள். கோபம் சின்னதோ பெரியதோ, அதைச் சொல்லாமல் ஒருத்தியையும் தொட்டதில்லை. சொன்ன பிறகு அந்தப் பேச்சை மறுபடி எடுத்ததும் இல்லை.

என் தலைப்பிள்ளைக்கு அவள் சொன்னது இதுதான்: "ஒன்மேல கோவம் ஒண்ணும் இல்ல. மூஞ்சிதான் புடிக்கல. எப்பப் பாத்தாலும் ஆட்டுக்குட்டி கணக்கா பாவமா வச்சிருக்கே. சரி, காலை அகட்டு." இரண்டாவது பிள்ளைக்கு, "போன மாசம் உப்புக் கேட்டப்ப இல்லைன்னு சொன்னே. பான நெறைய இருந்திச்சு, நான் பாத்தேன்" என்றாள். உயிர் போகிற வலியிலும் எனக்கு வெட்கமாக இருந்தது. உப்புப் பானை அடுப்பு மேடையில் அப்படியே திறந்து கிடந்தது.

ஒருநாள் மலையில் ரொட்டியும் தேத்தண்ணியுமாக உட்கார்ந்திருந்தபோது துணிந்து கேட்டேன். "ஏன் அத்தை, பெத்துப் பொழைக்கிற நேரத்துல போயி இதையெல்லாம் சொல்றீங்க?"

"ஏன்னா நான் கெட்டவ" என்றாள், ரொட்டியை மென்றுகொண்டே. "நீங்கள்லாம் அழுறப்ப எனக்கு உள்ளுக்குள்ள இனிக்குதுடி. நெசமாத்தான் சொல்றேன். எனக்குள்ள ஒரு நாய் கெடக்கு. ஒங்களுக்குள்ளயும் கெடக்கு, நீங்க இல்லைன்னு சொல்லுவீங்க. நான் அத எல்லாரும் பாக்க வாசல்ல கட்டி வச்சிருக்கேன். எங்க நிக்குதுன்னு தெரிஞ்சா ஒதுங்கிப் போவீங்கல்ல?"

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் மீதி ரொட்டியைத் துணியில் முடிந்து வைத்தேன்.

அவளால் தாங்கிக்கொள்ள முடியாத ஒன்று உண்டென்றால் அது பொய். எங்கள் லயத்தில் ஒருத்திக்குப் பிள்ளை செத்துப் பிறந்தது. அறை நிறையப் பெண்கள் நின்றோம். தாய்க்காரி மயக்கம் தெளிந்து, "அழுதுச்சா? ஒரு தரமாச்சும் அழுதுச்சா?" என்று கேட்டாள். நாங்கள் எல்லோரும் ஒரே குரலாக, "அழுதுச்சும்மா, ஒரு தரம் அழுதுச்சு" என்றோம். மருத்துவச்சி கை கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பி, "அழல. செத்துத்தான் வந்துச்சு" என்றாள். தாய் சுவரில் தலையை முட்டிக்கொண்டு கதறியது கீழ் லயம் வரை கேட்டது. வெளியே வந்ததும் நான் சண்டைக்குப் போனேன். அந்த ஒரு பொய்யால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்டேன்.

"அழுதுச்சுன்னு சொன்னா, அவ கேக்காத அந்த அழுகைய சாகுற வரைக்கும் காதுல தேடிக்கிட்டு கெடப்பா" என்றாள். "நீங்க நல்ல பேரு வாங்கிக்கிட்டுப் போயிருவீங்க." சொல்லிவிட்டு, "அவ முட்டிக்கிட்டப்ப எனக்கு இனிச்சுது. அதையும் கேட்டுக்க" என்றாள். இப்படிப்பட்ட ஒருத்தியை என்ன செய்வது? எனக்கு அவளைக் கண்டால் ஆத்திரமாக வரும். ஆனால் வலி வந்தால் அவளைத்தான் கூப்பிடத் தோன்றும்.

அவள் மகனுக்கு இருபது வயதாகும்போது அது நடந்தது. இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுக்கும் காலம். இந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தோம் என்று காட்டத் துண்டுக் கடுதாசி தேடி ஆளாளுக்கு அலைந்தார்கள். கடுதாசி இல்லாதவர்களுக்குப் பெரிய கங்காணியின் வாய்ச்சொல்தான் சாட்சி. அவருக்கு மரகதம் என்று ஒரே மகள். மரகதமும் மருத்துவச்சியின் மகனும் தேயிலைக்குள் ஒன்றாக இருந்ததைக் கங்காணியின் ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆபீசில் துரைக்கு முன்னால் விசாரணை நடந்தது. அவன் தன்னைக் கையைப் பிடித்து இழுத்தான் என்று மரகதம் சொன்னாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தானாம்.

அவள் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தின வாரம் விறகுக்குப் போனபோது நானே பார்த்தேன். மாரியம்மன் திருவிழாக் கடையில் வாங்கிய தோடம்பழத்தை உரித்துச் சுளை சுளையாக மரகதம் அவன் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் அப்படிச் சிரித்தார்கள். அவன் நிமிர்ந்து என்னையும் பார்த்தான். நான் அதை ஆபீசில் போய்ச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் இந்தத் தோட்டத்தில்தான் பிறந்தார் என்று சாட்சி சொல்ல வேண்டியவர் பெரிய கங்காணி. நான் எப்படி வாய் திறப்பேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் சௌகரியமாக இருந்தது.

அவனைத் தொழிற்சாலைக்குப் பின்னால் வைத்து அடித்தார்கள். பிறகு வேலையை விட்டு நீக்கும் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துத் தோட்டத்தை விட்டே போகச் சொன்னார்கள். பத்துச்சீட்டு வாங்கியவனை வேறு தோட்டத்திலும் சேர்க்கமாட்டார்கள். ஹட்டனில் ரயிலேறித் தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறினான். அவனோ அவன் தாயோ கண்ணால் கண்டிராத, கடலுக்கு அந்தப் பக்கத்து ஏதோ ஓர் ஊருக்கு, பாட்டன் பிறந்த ஊராம் அது, போனான். ஒன்றரை வருஷம் கழித்து ஒரு கடுதாசி வந்தது. காய்ச்சலில் போய்விட்டான். சாவுக் கடுதாசியை வாசித்தவுடன் கிழித்துப் போடவேண்டும், வீட்டில் வைக்கக்கூடாது. அவள் கிழிக்கவில்லை. நான்காக மடித்துத் தகரப் பெட்டியில் வைத்தாள். அன்று அவள் அழுதாளா என்று நான் சுவரில் காது வைத்துக் கேட்டேன். இருமல் மட்டும்தான் கேட்டது.

மரகதத்துக்கு நானுஓயாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் ஏழைப் பையனைக் கொண்டுவந்து கட்டி வைத்து வீட்டோடு வைத்துக்கொண்டார் கங்காணி. அடுத்த வருஷம் அவளுக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக இருந்தார்கள். ஆனால் நான்கு நாளாக விடாத மழை. பாதையில் மண் சரிந்து லொறி போக வழியில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டும் கலைந்து எல்லோரும் லயத்திலேயே கிடந்தோம். காலை பத்து மணி இருக்கும். பெரிய கங்காணி கோட்டும் தலைப்பாகையுமாக நனைந்துகொண்டு அவள் வாசலில் வந்து நின்றார்.

"தாயி, புள்ள காலுமாறி இருக்காம். நீதான் வரணும்."

அவள் அவரை இஸ்தோப்புக்கு ஏறி ஒதுங்கச் சொல்லவில்லை. "அங்கேயே நில்லுங்க கங்காணி, நகம் வெட்டணும்" என்றாள். ஒவ்வொரு விரலாக வெட்டினாள். பத்து விரலையும் வெட்டி முடிக்கும்வரை அந்தப் பெரிய மனிதர் மழையில் நின்றார். மரகதம் கத்துவது மேலேயிருந்து கேட்டது. லயத்துச் சனம் முழுக்கக் கதவிடுக்கில் நின்று பார்த்தது. யாருக்கும் கங்காணி மேல் இரக்கம் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

எழுந்தவள் என் கதவைத் தட்டினாள். "நீயும் வா."

"நான் எதுக்கு அத்தை?"

"நகம் வெட்டாமப் போக முடியாது, அது சரி. ஆனா மெதுவா வெட்டுனேன். அவரு நனையிறது இனிச்சுது. இன்னிக்கு என்னய எனக்கே நம்ப முடியல" என்றாள். மழையில் நடந்துகொண்டே சொன்னாள்: "நீ அவ பக்கம் பாக்காத. என் கையவே பாத்துக்கிட்டு இரு. எங்கயாச்சும் என் கை நின்னா சத்தம் போடு. காது கிழியுற மாதிரிப் போடு. நீ எல்லாத்தையும் பாக்கிறவ, ஒனக்குத் தெரியும்."

அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு நான் தலையாட்டினேன்.

கங்காணி வீட்டு உள்ளறையில் மரகதம் வெளிறிப்போய்க் கிடந்தாள். இவள் போய்த் தலைமாட்டில் நின்றாள். "ஒன்மேல எனக்கு என்ன கோவம்னு சொல்லிடுறேன். நீ பொய் சொன்னே. என் மவன் செத்துட்டான். நீயும் சாகணும்னு நான் தெனமும் நெனச்சேன். இன்னிக்கு காலையிலயும் நெனச்சேன்."

மரகதம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பொய்தான் அத்தை. அப்பா கவ்வாத்துக் கத்திய எடுத்து வச்சிக்கிட்டு நின்னாரு. என்னய வெட்டிருவாருன்னு பயந்து அப்படிச் சொன்னேன். என்னயக் காப்பாத்துங்க அத்தை."

"கைய விடு. வேலை செய்யணும்" என்றாள் அவள்.

முதலில் கால்கள் வந்தன. பிறகு இடுப்பு. அவள் அவசரப்படவில்லை, இழுக்கவில்லை. வலி வரும்போது மட்டும் தாங்கிக் கொடுத்தாள். அந்த நீளமான விரல்கள் அவ்வளவு பதமாக நகரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. தோள் வரை வந்துவிட்டது. ஒரு கை மேலே மடங்கித் தலையோடு சேர்ந்து உள்ளே மாட்டிக்கொண்டது. இந்த இடத்தில் தாமதித்தால் பிள்ளைக்கு மூச்சு முட்டும். இரண்டு பெற்ற எனக்கு இது தெரியாதா?

அங்கே அவள் கை நின்றது.

நான் பார்த்தேன். விரல்கள் பிள்ளையின் முதுகின் மேல் அப்படியே கிடந்தன. அவள் முகம் சுவரைப் பார்த்தது. ஒரு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் நேரம் இருக்கும். கூரைத் தகரத்தில் மழை கொட்டியது. பிள்ளையின் கால்கள் நீலமாவதைப் பார்த்தேன். சத்தம் போட வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. வாயும் என் வாய்தான், யாரும் பொத்தவில்லை. ஆனால் நான் போடவில்லை.

ஏன் என்று கேட்டால் பெரிய காரணம் ஒன்றும் சொல்ல முடியாது. மரகதத்தோடு எனக்குப் பகை கிடையாது. ஒரு தடவை பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது, கங்காணி மகள் என்ற மிதப்பில் என் குடத்தைக் காலால் நகர்த்தி வைத்தாள். அவ்வளவுதான். என்ன நடக்கிறது பார்க்கலாம் என்று இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அவளாக இருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள்.

என் சத்தத்துக்கு அவள் காத்திருந்தாள் என்றுதான் நினைக்கிறேன். அது வரவில்லை. இடது கையை எடுத்துத் தன் வலது கையின் மேல் ஓங்கி ஓர் அடி அடித்தாள். பிறகு இரண்டு விரலை உள்ளே விட்டு, மாட்டியிருந்த கையை இறக்கி, தலையை எடுத்தாள். பெண் பிள்ளை. அழவில்லை. வாயோடு வாய் வைத்து ஊதினாள், தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள், மறுபடி ஊதினாள். கடைசியில் அது பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டது. இடது கையும் கால்களும் அசைந்தன. வலது கை அசையவில்லை.

வெளியே கங்காணியும் பாதி லயமும் நின்றிருந்தார்கள். சும்மா போயிருக்கலாம். கால்மாறி வந்த பிள்ளை உயிரோடு கிடைத்ததற்கு அவளைக் கும்பிட்டிருப்பார்கள். அவள் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு உசிரும் இருக்கு. புள்ளைக்கு ஒரு கை வராது. நடுவுல என் கை நின்னுச்சு. அதுனாலயா, இல்ல காலுமாறி வந்ததுனாலயான்னு எனக்குத் தெரியாது. தெரியாதுன்னுதான் சொல்றேன். அதுனால இல்லைன்னு சொல்லமாட்டேன்."

கங்காணி அவளை அறைந்தார். சேற்றில் விழுந்தாள். எழுந்து சேலையை உதறிக்கொண்டு, "அடிச்சது சரி" என்றாள். ஒரு தடவைகூட என் பெயரைச் சொல்லவில்லை. நான் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, ஐயோ பாவம் என்றேன்.

திரும்பி வரும் வழியில் தேயிலைக்கு நடுவே நின்றாள். கன்னத்தில் விரல் பதிந்திருந்தது.

"பாத்தியா?"

"பாத்தேன் அத்தை."

"ஏன் சத்தம் போடல?"

நான் அழுதேன். அழுகைதான் எனக்குச் சுலபமாக வரும்.

"தோடம்பழம் ஊட்டுனதையும் நீ பாத்தே. கப்பலுக்குப் போறப்ப எம்மவன் சொல்லிட்டுப் போனான், பக்கத்து காம்பராக்காரி பாத்துச்சும்மான்னு. அன்னிக்கும் நீ வாயத் தெறக்கல. இன்னிக்காச்சும் தெறப்பேன்னு நெனச்சுக் கூட்டிட்டுப் போனேன்" என்றாள். "அழாதடி. நீ அழுறது எனக்கு இனிக்குது."

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவள் என்னோடு பேசவில்லை. நானும் அவள் கண்ணில் படாமல் நடந்தேன். அவள் மருத்துவத்தை விடவில்லை, சனங்களும் அவளை விடவில்லை. ஆனால் எந்தப் பேறுக்குப் போனாலும் கையைப் பார்க்க ஒரு பெண்ணை வைத்துக்கொண்டாள். மரகதத்தின் பிள்ளை வளர்ந்தது. வலது கை துணி மாதிரித் தொங்கியது. ஒரு கையால் கொழுந்து எடுக்க முடியாது. இந்த மலையில் அந்தப் பிள்ளை என்ன செய்து பிழைக்கும் என்று பெண்கள் பீலிக்கரையில் பேசுவார்கள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

மூன்றாவது பிள்ளைக்கு எப்படியும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவது என்று இருந்தேன். வீட்டுக்காரரிடமும் சொல்லி வைத்திருந்தேன். ஆனால் இருபது நாள் முந்தியே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வலி கண்டது. லொறி சாமான் ஏற்ற ஹட்டனுக்குப் போயிருந்தது. வீட்டுக்காரர் என்னைக் கேட்காமலே அடுத்த காம்பராக் கதவைத் தட்டிவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் நகம் வெட்டுவது எனக்குக் கேட்டது. ஒவ்வொரு விரலாக, மெதுவாக.

அவள் உள்ளே வந்தபோது பின்னால் மரகதம் நின்றாள். இடுப்பில் அந்தப் பிள்ளை. கை தொங்கிக்கொண்டிருந்தது.

"இவ வேணாம் அத்தை" என்று நான் கத்தினேன்.

அவள் வந்து தலைமாட்டில் நின்றாள். "ஒன்மேல எனக்கு என்ன கோவம்னு சொல்லிடுறேன். என் மவனுக்கு ஒரு தரம் நீ வாயத் தெறக்கல. இந்தப் புள்ளயோட கைக்கு ஒரு தரம் தெறக்கல. அன்னிக்கு என் கை நின்னத நீ பாத்துக்கிட்டே இருந்தே. அந்தக் கோவம் இன்னும் அப்படியே இருக்கு."

மரகதத்துக்கு அது அந்த நிமிஷம்தான் தெரிந்தது. என்னைப் பார்த்தாள். தன் பிள்ளையின் கையைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். பிள்ளையைக் கீழே இறக்கி என் உப்புப் பானைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"மரகதம், என் கையப் பாத்துக்க. நின்னா சத்தம் போடு" என்றாள் அவள். "போடாம இருந்தாலும் இவ ஒன்னயக் கேக்க முடியாது."

அவள் என்னைத் தொடுவதற்கு முன்பே மரகதம் வாயைத் திறந்துவிட்டாள். "நிக்குது அத்தை! கை நிக்குது!"

"இன்னும் தொடவே இல்லடி."

"நிக்காதீங்க அத்தை, நிக்காதீங்க!"

அந்தக் கை அன்று ஓர் இடத்திலும் நிற்கவில்லை. நான் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன், நிற்கவே இல்லை. மரகதமும் நிறுத்தவில்லை. கண்ணீரும் சளியும் ஒழுக, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, கீழ் லயத்துச் சனம் ஓடிவந்து வாசலில் கூடும் அளவுக்குக் கத்திக்கொண்டே இருந்தாள். அந்தச் சத்தத்தில் என் பிள்ளையின் முதல் அழுகை எனக்குக் கேட்கவே இல்லை.